எழுபத்து நாலு கிராம் கத்தி

12-11-2018, திங்கள்

கரும்பு அலுவலகத்தில் இன்று வேலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அரவை தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பதினோரு மணிக்குப் புது அதிகாரி ஒரு கொய்யாப்பழத்தை மேஜைமேல் வைத்தார். பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டார். டிக் என்று சத்தம். கையில் ஒரு கத்தி, விரல் நீளம்தான் இருக்கும். கொய்யா நாலாகப் பிளந்தது. மறுபடி டிக். கத்தி பாக்கெட்டுக்குள் போய்விட்டது. எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். பழம் இனிப்பா புளிப்பா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

இருபத்தாறு வருஷமாக இந்த ஆலையில் கட்டிங் ஆர்டர் எழுதுகிறேன். யார் வயலில் எந்தத் தேதியில் கரும்பு வெட்டலாம் என்று காசிநாதன் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வெட்டுகிற ஆள் வரப்பில் கால் வைப்பான். ஆனால் என் கையால் ஒரு தோகையைக்கூட நான் வெட்டியதில்லை. ஐம்பத்து நாலு வயதாகிறது. மத்தியானம் பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் எடுத்து மேஜைமேல் பரப்பிப் பார்த்தேன். கைக்குட்டை, கண்ணாடிக் கூடு, விபூதிப் பொட்டலம், பல் குத்தும் குச்சி. ஒரு ஆபத்து வந்தால் குச்சியை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

13-11-2018, செவ்வாய்

எங்கள் ஃபீல்டுமேன் வேடியப்பன் கல்வராயன் மலைக்காரன். கத்தி விஷயத்தைச் சொன்னேன். "பொங்கலுக்கு எங்க ஊருக்கு வா சார். காணும் பொங்கலன்னிக்கு வேட்ட போவோம். கத்தியும் எட்துகினு வா" என்றான்.

வேட்டை. இந்தச் சொல்லை இன்று நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். பின்வாங்க முடியாது.

18-11-2018, ஞாயிறு

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் பொன்னுரங்கத்தின் இரும்புக் கடைக்குப் போனேன். மடக்குக் கத்தி வேண்டும், எடை குறைவாக, தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளவும் ஆகணும், வேட்டைக்கும் ஆகணும் என்றேன்.

"நொங்கு சீவவா சார், கோழி அறுக்கவா?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும் ஒரே கத்தி இருந்தா நான் எதுக்கு இத்தினி கத்திய மாட்டிகினு குந்தினு இருக்கறேன்?"

ஒரு மடக்குக் கத்தியைக் காட்டினார். மரப்பிடி, பித்தளைத் தலை. கையில் தராமல் மேஜைமேல் வைத்துத் தள்ளினார். கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் சண்டை வரும், கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும். கடைக்காரர் இதைக் கடைப்பிடித்தால் ஒரு நாளைக்கு எத்தனை சண்டையைத் தவிர்க்கிறார் என்று யோசித்துப் பார்த்தேன். கத்தி கனமாக இருந்தது. வேண்டாமென்று வந்துவிட்டேன்.

வீட்டில் அம்சவள்ளி, "பழம் வெட்ட அருவாமனை இருக்குதே, பத்தாதாங்க?" என்றாள். அதைப் பாக்கெட்டில் வைக்க முடியாது என்று விளக்கினேன். "பாக்கெட்ல வெச்சிகினு நீங்க எங்க போறீங்க, ஆபீசுக்குத்தானே" என்றாள். முப்பது வருஷமாக என்னோடு குடித்தனம் செய்கிறாள். என்னைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்து வைத்திருக்கிறாள்.

25-11-2018, ஞாயிறு

நாள் முழுக்க செல்போனில் வீடியோ. வெளிநாட்டுக்காரர் ஒருவர் நாற்பது நிமிஷம் ஒரு கயிற்றை வெட்டிக்கொண்டே இருந்தார். கயிறு என்ன பாவம் செய்ததோ. இன்னொருவர் காகிதத்தைச் சீவினார். மூன்றாமவர் கத்தியை நாக்கால் தொடாத குறைதான். கத்தி வைத்திருப்பவர்களுக்கு வெட்டுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை என்று தெரிகிறது. அது எனக்கும் பொருந்துமோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணத்தை வளரவிடவில்லை.

பதினாலு கத்திகளை நோட்டில் எழுதியிருக்கிறேன். நீளம், எடை, எஃகு, பிடி, பூட்டு என்று கட்டம் போட்டாயிற்று. திறந்தால் தானாக மடங்கிக் கையை வெட்டாமலிருக்க ஒரு பூட்டு வேண்டுமாம். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். செம்மரம் போன்ற பிடி, ஐம்பத்தெட்டு கிராம். ஆனால் பிடித்திருக்கிறது என்பதற்காக அதையே எடுத்துவிட்டால் முறையாகத் தேர்ந்தெடுத்ததாக ஆகாது. என் மனசாட்சியே நாளைக்கு ஒரு சொல் சொல்லும். ஆகவே அதைப் பட்டியலில் கடைசியாக, பதினாலாவதாகப் போட்டிருக்கிறேன். மற்ற பதின்மூன்றையும் நன்றாக ஆராய்ந்துவிட்டு அதற்கு வருவேன். வாரத்துக்கு ஏழு என்று கணக்கு.

2-12-2018, ஞாயிறு

காலையில் அம்மாசி வீட்டுக்கு வந்திருந்தார். கரும்பு வெட்டும் ஆட்களுக்குத் தலைவர், எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர். தின்பண்டம் ஏதும் தொடாமல் நின்றுகொண்டே சொன்னார். "உன் தம்பி பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சி சார். மாப்ள மணலூர்பேட்டை. வைகாசில கல்யாணம்."

கமலாவுக்குக் கல்யாணம். அது எனக்குக் கரும்பு வெட்டுகிறவர் சொல்லித் தெரிகிறது. பெரியப்பன் நான். அம்சவள்ளி அடுப்படிக்குப் போய்விட்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. குழந்தை இல்லாத வீட்டில் கமலாதான் பத்து வயது வரை ஓடிக்கொண்டிருந்தது.

தம்பி பச்சமுத்து என்னோடு பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. 2008 அரவையில் தியாகதுருகத்தில் நாலு ஏக்கர் கரும்பு போட்டிருந்தான். "நீதான ஆபீஸ்ல இருக்கற, சீக்கிரம் வெட்டு ஆர்டர் போட்டுக் குடு" என்று கேட்டான். நட்ட தேதிப்படிதான் வரும், முறை முறைதான் என்றேன். அவன் முறை சித்திரையில் வந்தது. அதற்குள் கரும்பு பூத்து, காய்ந்து, பாதி எடை போய்விட்டது. அதோடு கரும்பையும் என்னையும் விட்டுவிட்டான். இப்போது மரவள்ளி போடுகிறான்.

அழைப்பு வந்தால் போகலாம். வராவிட்டால்? வராவிட்டால் என்ன செய்வது. நேர்மையாக இருந்ததற்கு ஒரு விலை உண்டு.

9-12-2018, ஞாயிறு

பதின்மூன்று கத்திகளையும் தள்ளிவிட்டுப் பதினாலாவதற்கு வந்தேன். செம்மரப் பிடி. கையிருப்பு இல்லை என்று காட்டுகிறது. போன வாரம் இருந்தது.

எட்டாவதை ஆர்டர் செய்தேன். கறுப்பு பிளாஸ்டிக் பிடி. அதுவும் நல்ல கத்திதான்.

10-12-2018, திங்கள்

நல்ல கத்திதான்.

17-12-2018, திங்கள்

பார்சல் அலுவலகத்துக்கே வந்தது. பெட்டியில் அறுபத்தெட்டு கிராம் என்று போட்டிருந்தது. சந்தேகம் வந்து ஆலை பரிசோதனைக் கூடத்துத் தராசில் வைத்தேன். எழுபத்து நாலு. ஆறு கிராம் ஏமாற்று. கம்பெனிக்குப் புகார் எழுதலாமா என்று அங்கேயே நின்று கத்தினேன். பரிசோதகர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எடையில குறையுதுன்னு வெளிய குந்தினு இருக்கற விவசாயியெல்லாம் இவ்ளோ கத்தறதில்ல சார்" என்றார். கத்தியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அம்சவள்ளியிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "கீழ வையுங்க. இருக்கற சண்ட போதும்" என்றாள். வைத்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப தெறக்காதீங்க, கை போயிடும்" என்று திருப்பிக் கீழே வைத்தாள். அவள் சொல்லுக்கு மதிப்பு கொடுத்துப் பாதி வரைக்கும் மட்டும் திறந்து மூடிப் பழகுகிறேன்.

3-1-2019, வியாழன்

பதினேழு நாளாகப் பாக்கெட்டில் இருக்கிறது. இன்றுவரை யாரும் எதையும் வெட்டச் சொல்லிக் கேட்கவில்லை. தியாகதுருகத்து உறவுக்காரர் ஒவ்வொருவரிடமும் காட்டியாயிற்று. பச்சமுத்து காதுக்கும் போயிருக்கும்.

18-1-2019, வெள்ளி

வேட்டை முடிந்து திரும்பிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்வதாக இல்லை.

புதன்கிழமை கச்சிராயபாளையத்தில் மலை பஸ் ஏறினேன். என் இருக்கைக்கு அடியில் யாரோ ஒரு பையில் நாலு கறிக்கோழி வைத்திருந்தார்கள். வெள்ளிமலை வரைக்கும் என் காலைக் கொத்திக்கொண்டே வந்தன. அங்கிருந்து வேடியப்பன் ஊருக்கு ஒன்றரை மணி நேரம் நடை. குளிரில் விரல் விறைத்துவிட்டது. அந்தக் கோழிப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனவன் வேடியப்பனின் மச்சினன் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் காலையில் வேட்டை. முப்பது ஆண்கள், எட்டு நாய்கள், இரண்டு மேளம். எல்லோருக்கும் முன்னால் காக்கிச் சட்டையில் வனக்காவலர் ஒருவர். "சட்டப்படி எந்த உசுரையும் தொடக் கூடாது சார். பழக்கத்துக்கு ஓடறாங்க. நானும் கூட ஓடுவேன்" என்றார். நாய்களை எல்லாம் கயிற்றில் கட்டிப் பிடித்திருந்தார்கள். மேளம் அடித்தார்கள், கூவினார்கள், ஓடினோம். ஒரு முயல் குறுக்கே வந்தது. முப்பது பேரும் நின்று அதற்கு வழி விட்டார்கள். அது ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிதானமாகப் போனது. அந்த நேரம் என் கை பாக்கெட்டில்தான் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்ததும் அந்த நாலு கோழியையும் வேட்டைக் கறி என்று சாமிக்குக் காட்டிவிட்டு அடித்தார்கள். அப்போது வேடியப்பன், "சார் ஒரு கத்தி வாங்கிகினு வந்துருக்குது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். ஊரே கூடியது. முழுசாகத் திறந்தேன். டிக் என்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக முழுசாகத் திறந்தது அப்போதுதான். வேடியப்பன் வீட்டுப் பெரியம்மாளிடம் கொடுக்கப் போனேன். "கீழ வெய்யி சாமி" என்றார்கள். மலையிலும் அதே பழக்கம். எடுத்து ஒரு விரல் இஞ்சியைத் தோல் சீவினார்கள். "இஞ்சி சீவ நல்லாருக்குது" என்று கழுவி வைத்துவிட்டார்கள். கோழிக்கு ஊர் வெட்டுக்கத்தி வந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கத்தி மடங்கவில்லை. அழுத்தினேன், தட்டினேன், வனக்காவலர் முட்டியில் வைத்து அமுக்கினார். பூட்டு பிடித்துக்கொண்டது. அசையவில்லை. இன்று காலை அதை ஒரு துண்டில் சுற்றி இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் உயிர் போய் வந்தது. கண்டக்டர் குனிந்து, "இன்னா சார், கொயந்தையா? மொகத்த மூடாத, மூச்சு முட்டும்" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். இருபது கிலோமீட்டருக்கு அந்தப் பொய்யைத் தாலாட்டிக்கொண்டு வந்தேன்.

20-1-2019, ஞாயிறு

அம்மாசி வந்து கத்தியைக் கவிழ்த்துப் பார்த்தார். "உள்ள ஒரு தகடு நாக்காட்டம் குறுக்க நிக்குது பாரு சார். அத கட்டவெரலால ஒதுக்கினு மடக்கு" என்றார். மடங்கியது. அரை நிமிஷம். அந்தப் பூட்டைப் பற்றி நான் பதினொன்றரை மணி நேரம் வீடியோ பார்த்திருக்கிறேன்.

11-3-2019, திங்கள்

தேர்தல் தேதி நேற்று அறிவித்துவிட்டார்கள். நடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டது. துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று பேப்பரில் இருக்கிறது.

துப்பாக்கி என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் ஆயுதம் என்றும் ஒரு இடத்தில் போட்டிருக்கிறது. நான் கத்தி வைத்திருப்பது ஊர் முழுக்கத் தெரியும். நானேதான் சொன்னேன். நாளைக்கு யாராவது ஒரு சொல் சொன்னால்?

12-3-2019, செவ்வாய்

ஒப்படைத்துவிட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு ஒரு பெரிய பண்ணைக்காரர். அவருக்குப் பின்னால் நான். ஸ்டேஷன் ரைட்டர் என் கத்தியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது பழம் வெட்றது சார். இதெல்லாம் யாரும் கேக்கல. எட்துகினு போங்க."

"இருக்கட்டும். விதின்னா விதி."

"இத எந்தக் கணக்குல சேக்கறது?"

"ரசீது மட்டும் குடுங்க."

அவர் ஒரு வெள்ளைத் தாளில், 'மடக்குக் கத்தி ஒன்று, சுமார் விரல் நீளம், தானாக முன்வந்து' என்று எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார். கத்தியை இழுப்பறையில் போட்டார். ரசீதை மடித்துக் கத்தி இருந்த பாக்கெட்டிலேயே வைத்திருக்கிறேன். எடையும் குறைவு.

14-4-2019, ஞாயிறு

வருஷப் பிறப்பு. சாப்பிட்டு உட்கார்ந்திருந்தேன். பச்சமுத்து வந்தான்.

பதினோரு வருஷத்தில் தலை நரைத்திருக்கிறது. அப்பா நடை அப்படியே வந்திருக்கிறது. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. அம்சவள்ளியிடம் நீட்டினான். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

"வைகாசி ரெண்டாந்தேதி அண்ணி. ரெண்டு பேரும் முன்னாடியே வந்துருங்க. பெரிப்பா வரணும்னு கமலா சொல்லிச்சி."

வாசல் வரைக்கும் போனவன் நின்றான். அப்போதும் அவளிடம்தான் பேசினான். "நான் ஒண்ணு சொல்லணும் அண்ணி. அன்னிக்கு மொற மீறிக் கேட்டது என் தப்பு. அண்ணன் ரூல்படிதான் போட்டுச்சி. எனக்குப் புத்தி வர இத்தினி வருசம் ஆயிடுச்சி. மனசுல வெச்சிக்க வேணாம்னு சொல்லு."

போய்விட்டான். அம்சவள்ளி என் பக்கம் திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா, உங்க நேர்மை அவருக்கே புரிஞ்சிடுச்சி" என்றாள்.

தட்டிலிருந்த பத்திரிகையை எடுத்துக் காலண்டருக்குப் பின்னால் செருகினேன்.

15-4-2019, திங்கள்

பதினாலு.

இந்த எண்ணை இன்னாருடையது என்று எழுதப் பதினோரு வருஷம் ஆயிற்று. 2008 பதிவேட்டில், நட்ட தேதிப்படி, பச்சமுத்துவின் முறை பதினாலு. தை மாதத்திலேயே வெட்டியிருக்க வேண்டிய கரும்பு. எழுபத்தொன்றாவதாகப் போட்டது நான். யாரும் போடச் சொல்லவில்லை. கூடப்பிறந்தவன் பெயர் முன்னால் வந்தால் காசிநாதன் தம்பிக்குச் செய்துகொண்டான் என்று யாராவது ஒரு சொல் சொல்லிவிடுவார்களே என்று பயந்தேன். அதனால் பின்னால் தள்ளினேன். ஒரு தடவை தள்ளினேன், பத்தவில்லை என்று இன்னொரு தடவை தள்ளினேன்.

அவன் முறை மீறிக் கேட்கவே இல்லை. அவன் முறையைத்தான் கேட்டிருக்கிறான். அவனுக்குத் தெரியாது. இப்போது என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறான்.

சொல்லாமல் இருந்துவிடலாம். கல்யாணத்துக்குப் போகலாம், முன் வரிசையில் உட்காரலாம், கமலா காலில் விழும். யாருக்கு என்ன நஷ்டம்?

இதை எழுதுகிற கை யாருடையது என்று தெரியவில்லை.

16-5-2019, வியாழன்

கல்யாணம் முடிந்தது. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

தியாகதுருகத்து மண்டபம். காலையிலேயே போய்விட்டோம். பச்சமுத்து என்னைப் பார்த்து, "வாண்ணா" என்றான். ஒரே சொல். அம்சவள்ளி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். என்னை மேடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவன் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எங்க அண்ணன். கூடப்பொறந்தவன்னு பாக்க மாட்டாரு. ரூலுன்னா ரூலு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெருமையாகச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மாலைக் கூடை வந்தது. கூடையை நைலான் கயிற்றால் சுற்றிச் சுற்றித் தைத்திருந்தார்கள். ஈரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. இரண்டு பேர் நகத்தால் பிய்த்தார்கள். பச்சமுத்து பல்லால் கடித்துப் பார்த்தான். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்றார்கள்.

அப்போது பச்சமுத்து சத்தமாகச் சொன்னான். "அண்ணன்கிட்ட கத்தி இருக்கும். எப்பவும் பாக்கெட்லதான் வெச்சிகினு இருக்கும். கேளுங்க."

மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. மூன்று மாதம் சுமந்தேன், ஒருவரும் கேட்கவில்லை. இன்று கேட்கிறார்கள், கேட்பவன் என் தம்பி. என் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது. வெளியே வந்தபோது அதில் ரசீது இருந்தது.

பச்சமுத்து அதை வாங்கிப் படித்தான். "ஸ்டேசன்ல குடுத்துட்டியா? யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

ஒரு கணம் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயசில் சிரிப்பானே அப்படி. "எலெக்சன் ரூலுக்காவ பழம் வெட்ற கத்திய ஸ்டேசன்ல குடுத்துருக்குது எங்க அண்ணன்" என்று தாளை எல்லோருக்கும் காட்டினான். மண்டபமே சிரித்தது. கமலாகூட மணையில் குனிந்தபடி சிரித்தது. அதற்குள் அம்சவள்ளி சமையல்கட்டிலிருந்து அருவாமனையைத் தூக்கி வந்து, மேடை ஓரத்தில் கீழே போட்டு, காலால் மிதித்துக்கொண்டு, கூடையைச் சாய்த்துக் கயிற்றை நாலே இழுப்பில் அறுத்தாள். தாலி கட்டினார்கள்.

பந்தியில் என் இலைக்குப் பச்சமுத்துவே சாம்பார் வாளியோடு வந்தான். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. "யாரும் கேக்காம போயி குடுத்துருக்குது பாரு" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னான். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"உன் மொற எழுபத்தொண்ணு இல்லடா. பதினாலு."

"இன்னா பதினாலு?"

"அந்த வருசம் உன் கரும்பு. நட்ட தேதிப்படி பதினாலு. நான்தான் எழுபத்தொண்ணுல போட்டேன். எவனும் ஒரு சொல் சொல்லக் கூடாதுன்னு."

அவன் வாளியைக் கீழே வைத்தான். கரண்டி வாளிக்குள் சரிந்து முழுகிப்போனது.

"யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

வாளியைத் தூக்கினான். அடுத்த இலைக்குப் போய்விட்டான். எனக்கு ஊற்றவில்லை. வெறும் சோற்றைத் தின்று எழுந்தேன்.

17-5-2019, வெள்ளி

அம்சவள்ளி என்னோடு பேசவில்லை. சொன்னதற்காகவா, செய்ததற்காகவா என்று கேட்கவில்லை.

20-5-2019, திங்கள்

மறுவீட்டு விருந்து நடந்ததாம். அம்மாசி சொல்லித் தெரிந்தது.

28-5-2019, செவ்வாய்

தேர்தல் முடிந்து நடத்தை விதியும் விலகிவிட்டது. ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் மேஜைமேல் ஒரு தட்டில் பங்கனப்பள்ளி மாம்பழம் துண்டு போட்டிருந்தது. பக்கத்தில் என் கத்தி. அவர் எழுந்து, "துரு புடிச்சிடக் கூடாதுன்னு அப்பப்ப யூஸ் பண்ணினு இருந்தோம் சார்" என்றார். கழுவித் துடைத்து மேஜைமேல் வைத்தார். பிரிய மனசில்லாமல்தான் வைத்தார். "நல்ல கத்தி சார். இன்னா ஒண்ணு, மடக்கத்தான் ஒருத்தருக்கும் தெரியல. ரெண்டு மாசமா தெறந்தேதான் இருக்குது."

தகட்டைக் கட்டைவிரலால் ஒதுக்கி மடக்கிக் காட்டினேன். மூன்று போலீஸ்காரர்கள் கூடி நின்று பார்த்தார்கள். வேறு ஒரு நாளாக இருந்தால் இதை இரண்டு பக்கம் எழுதியிருப்பேன்.

2-6-2019, ஞாயிறு

தியாகதுருகத்துக்குப் போய் வந்தேன். அம்சவள்ளியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். "நானும் வரட்டுமா" என்றாள். பதினைந்து நாளைக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை. வேண்டாம், நான் தனியாகவே போய் வருகிறேன் என்றேன்.

பச்சமுத்து கொல்லையில் வேப்பமரத்தடியில் மரவள்ளிக் குச்சியை நடுவதற்குத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தான். பெரிய வெட்டுக்கத்தி, ஒரு வெட்டுக்கு ஒரு துண்டு. என்னைப் பார்த்தான். வெட்டுவதை நிறுத்தவில்லை. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் எதிரில் நின்றேன். நாலு ஏக்கர் கரும்பையும் பதினோரு வருஷத்தையும் வைத்துக்கொண்டு என்ன பேசுவது. பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது.

"நீ கேட்டப்ப இல்லாம போயிடுச்சி. இப்ப இருக்குது" என்றேன். கத்தியை எடுத்து அவனுக்கு முன்னால் மண்ணில் வைத்தேன்.

வெட்டு நின்றது. கத்தியையே பார்த்தான்.

"கீழ எதுக்கு வெக்கற?"

"கையில குடுத்தா சண்ட வரும்னு."

"இதுக்கு மேல இன்னா சண்ட வரப்போவுது. எட்து கையில குடு."

எடுத்து அதன் மேலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக் கையில் கொடுத்தேன். வாங்கினான். திறந்து பார்க்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி குச்சி வெட்ட ஆரம்பித்தான். தம்பி பெண்டாட்டி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டேன்.

5-6-2019, புதன்

சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. அம்சவள்ளி எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டு, என் ஈரக் கையிலேயே வைத்தாள்.

பச்சமுத்து. எடுத்த எடுப்பில், "இத எப்பிடி மடக்கறது?" என்றான். "நொங்கு சீவலாம்னு தெறந்தேன். காலையில இருந்து மூட மாட்டேங்குது. கையில புடிச்சிகினே சுத்தினு இருக்கறேன்."

உள்ளே ஒரு தகடு இருக்கிறது, கட்டைவிரலால் ஒதுக்கினால் மடங்கிவிடும். சொல்ல அரை நிமிஷம் ஆகும்.

"அதெல்லாம் போன்ல சொன்னா புரியாது. இரு, வரேன்" என்றேன். அம்சவள்ளி அதற்குள் புடவை மாற்றப் போய்விட்டாள்.